அம்மாவின் கேக்கும் பதினோரு வீடும்

போன டிசம்பர் 24 சாயங்காலம் எங்கள் தெருவில் 11 வீட்டுக்குக் கேக் கொண்டுபோனோம். ஆறு வீட்டில் கையில் வாங்கினார்கள். மூன்று வீட்டில் "அங்க வச்சிட்டுப் போங்க" என்றார்கள். இரண்டு வீட்டில் வாங்கவில்லை. ஒரு வீட்டில் முட்டை ஆகாதாம், இன்னொரு வீட்டில் மார்கழி விரதமாம்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு வருஷமும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். சிரிக்காதீர்கள் தோழர்களே. கிராமம் கிராமமாகப் போய் எந்த டீக்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறது என்று கணக்கெடுத்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. கடையைக் கணக்கெடுத்த நாங்கள் எங்கள் தெருவை மட்டும் ஏன் விட வேண்டும்?

நாங்கள் அக்கா தங்கை இருவர். பொள்ளாச்சி டவுனில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பா இப்போது இல்லை. அம்மா பிறந்தது வால்பாறை எஸ்டேட்டில், தேயிலை பறித்த குடும்பத்தில், லயன் வீட்டில். அது சர்ச்சுக்குப் போகிற வீடு. அப்பா வீடு ஆனைமலைப் பக்கம் ஒரு வளவு. அங்கே மாரியம்மன் நோம்பிதான் பெரிது. எங்கள் வீட்டில் இரண்டு நோம்பியும் உண்டு, கூடத்தில் அம்பேத்கர் படமும் உண்டு. யாருக்கும் அதில் சண்டை வந்ததில்லை.

கேக் அம்மாவின் சீதனம். நகை நட்டு என்று பெரிதாக எதுவும் கொண்டுவரவில்லை, இந்தக் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார். லயனில் பக்கத்து வீட்டு அத்தை ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம், அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்தாராம். அரைக் கிலோ மைதா, அரைக் கிலோ சர்க்கரை, அரைக் கிலோ வெண்ணெய், பத்து முட்டை. வெண்ணெய்க்கு வழியில்லாத வருஷம் டால்டா. சர்க்கரையில் ஒரு பங்கைக் கருக்கித் தண்ணீர் ஊற்றிப் பாகாக்கினால் கேக்குக்கு அந்தக் காப்பித்தூள் நிறம் வரும். ஒரு நொடி கூடினால் கசந்துவிடும், ஒரு நொடி குறைந்தால் நிறம் வராது. இன்றைக்கும் அந்த ஒரு வேலையை அம்மா எங்களை நம்பி விடுவதில்லை. பேரீச்சம்பழம், உலர் திராட்சை, முந்திரி எல்லாவற்றையும் பத்து நாள் முன்பே நறுக்கி திராட்சைச் சாற்றில் ஊறப்போடுவார். கூடவே அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் உண்டு.

அடுப்பு என்று சொன்னால் ஓவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அகலமான அலுமினியக் குண்டாவில் ஆற்று மணலைப் பரப்பி, அதற்குள் கேக் தட்டை இறக்கி, இரும்பு மூடி போட்டு, கீழே கொஞ்சம் தணலும் மூடி மேலே நிறையத் தணலும் வைப்பார். எஸ்டேட்டில் விறகுக்கரி. பொள்ளாச்சிக்கு வந்த பிறகு தேங்காய்த் தொட்டிதான். தென்னந்தோப்புக்கு நடுவில் இருப்பவர்களுக்கு அதைவிட மலிவான எரிபொருள் எது? தொட்டிக்கரி நின்று எரியும், புகையாது. கேக்குக்குக் கச்சிதம்.

அந்தத் தொட்டியைப் பார்த்தால் எங்கள் அப்பாயிக்கு வேறு நினைவு வரும். தோட்டத்து வேலைக்குப் போனபோது அவருக்கு டீ ஊற்றிக்கொடுத்தது அதில்தான். பழைய கதை என்று யாராவது சொன்னால் 2024 பிப்ரவரி மாதச் செய்தித்தாளைப் புரட்டச் சொல்லுங்கள். தருமபுரி மாவட்டத்தில் தோட்ட வேலைக்குப் போன தலித் பெண்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் டீ கொடுத்ததற்காக வழக்குப் பதிவாகி, இரண்டு பெண்கள் கைதானார்கள்.

அப்பாயி காலத்தில் நோம்பிப் பலகாரம் ஒரே திசையில்தான் போகும். ஊரிலிருந்து வளவுக்கு. தீபாவளிக்கு மறுநாள் காலையில் பண்ணாடி வீட்டுப் புறக்கடையில் போய் நிற்க வேண்டும். பண்ணாடிச்சி கச்சாயமும் முறுக்கும் கொண்டுவந்து, கை படாமல், விரித்த முந்தானையில் மேலிருந்து போடுவார். உடைந்தது பாதி, முழுசு பாதி. வருஷம் முழுக்கக் கட்டுத்தரையில் சாணி அள்ளியதற்கும் பருத்தி எடுத்ததற்கும் சேர்த்து அது ஒரு கூலி. அதற்குப் பெயர் 'நோம்பிக்காசு, நோம்பிப் பலகாரம்'. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. பலகாரம் திரும்பி மேலே ஏறியதாக யாருக்கும் நினைவில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது. எஸ்டேட்டில் கங்காணிக் கொடுமையும் அட்டைக்கடியும் பசியும் இருந்தன. 'எரியும் பனிக்காடு' படித்த தோழர்களுக்கு அதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லயனில் ஒரு வீட்டுப் பலகாரம் அடுத்த வீட்டுக்குப் போகும், அடுத்த வீட்டுச் சோறு இங்கே வரும். அந்தப் பழக்கத்தில், கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸ் அன்று, ஒரு தட்டில் கேக்கும் முந்திரிக்கொத்தும் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடி, அப்பா வேலை செய்த தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பண்ணாடிச்சி கோபப்படவில்லை. "எதுக்கு அம்மிணி உனக்கு இந்தச் செலவெல்லாம்" என்று கேட்டு, திண்ணையில் வைக்கச் சொன்னார். தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்று இரண்டு தேங்காயும் ஒரு படி அரிசியும் போட்டுக் கொடுத்தார். அம்மா சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

மறுநாள் விடிகாலையில் அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். கழுநீர்த் தாழியில் கேக் மிதந்தது.

அப்பா இதை அம்மாவிடம் சொல்லவேயில்லை. எங்களில் மூத்தவள் கல்லூரிக்குப் போன வருஷம் எங்களிடம் சொன்னார், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்ற நிபந்தனையோடு. பல வருஷம் கழித்து நாங்கள் வாய் தவறியபோது அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு அன்னைக்கே தெரியும். அந்த மனுசன் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல."

நாங்கள் இந்த விஷயத்தைப் புத்தகங்களில் தேடிப் பார்த்திருக்கிறோம். 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், 1972இல் வெளிவந்த தன் நூலில், எந்தச் சாதி எந்தச் சாதியிடம் உணவு வாங்கும், வாங்காது என்பதைக் கொண்டே கொங்கு ஊரின் மேல்கீழ் வரிசையைக் காட்டுகிறார். பாமாவின் 'கருக்கு' படித்தவர்களுக்கு அந்தப் பெரியவரை மறக்க முடியாது. நாயக்கருக்கு வாங்கிய பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார். பார்க்கும் சிறுமிக்குச் சிரிப்பு வரும். காரணம் தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோகும். 1936இல் லாகூரில் பேசவிருந்து, பேசவிடப்படாத உரையில் அம்பேத்கர் சக்வாரா என்ற ஊரைப் பற்றி எழுதுகிறார். ஜெய்ப்பூர் சமஸ்தானம். புனிதப் பயணம் போய்த் திரும்பிய ஒரு தலித் தன் மக்களுக்கு நெய் போட்டு விருந்து வைத்தார். தடிகளோடு வந்த சாதி இந்துக்கள் சாப்பாட்டைப் பாழாக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். இத்தனைக்கும் அந்த விருந்துக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. தலித் கையில் நெய் இருந்ததே குற்றம். எங்கள் அம்மாவின் கேக்கைப் பார்த்து அந்த அம்மா முதலில் கேட்டது செலவைப் பற்றித்தான் என்பதை இதோடு சேர்த்து யோசிக்கிறோம்.

சரி, டவுனுக்கு வருவோம்.

டவுனில் யாரும் முந்தானையை விரிக்கச் சொல்வதில்லை. வீடு பார்க்கும்போது மட்டும் "நீங்க எந்தப் பக்கமுங்க, என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். நாங்கள் ஐந்து வீடு பார்த்து ஆறாவதில் குடியேறினோம். குடியேறிய முதல் டிசம்பரிலேயே அம்மா குண்டாவை இறக்கிவிட்டார். எங்களுக்குப் பயம். கேக் கொண்டுபோனால் கிறிஸ்தவரா என்று கேட்பார்கள், ஆமாம் என்றால் எந்தக் கிறிஸ்தவர் என்று கேட்பார்கள், இல்லை என்றால் பிறகு என்ன ஆளுங்க என்று கேட்பார்கள். கேக் தட்டோடு வாசலில் நிற்பது சாதிச் சான்றிதழோடு நிற்பது மாதிரி. அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. "கேட்டாச் சொல்லு" என்றார்.

முதல் வருஷம் நான்கு வீட்டில் "முட்டை சாப்பிட மாட்டோமுங்க" என்றார்கள். அதில் ஒரு வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக் குழம்பு வாசம் வரும். ஆனாலும் அடுத்த வருஷம் தயிரும் சோடா உப்பும் போட்டு முட்டையில்லாமல் தனியாகச் செய்தோம். "மார்கழிங்க, விரதமுங்க" என்றார்கள். கிறிஸ்துமஸ் எந்த வருஷமும் மார்கழியில்தானே வரும். அதற்கு எங்களிடம் மாற்று மாவு இல்லை.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாமே சாக்கு இல்லை. ஐந்தாம் நம்பர் வீட்டு அண்ணன் மாலை போட்டிருந்தார். வேண்டாம் என்றார். இவரும் அப்படித்தான் என்று நோட்டில் எழுதினோம். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று இரவு கதவைத் தட்டி, "ஏனுங்க, என்ற கேக்க எடுத்து வச்சிருக்கீங்களா, தின்னுட்டீங்களா?" என்றார். இருந்ததை வெட்டிக் கொடுத்தோம். நின்றபடியே தின்றார். நோட்டில் அடித்துத் திருத்தினோம்.

எங்களுக்கு இந்த விஷயத்தில் மிகவும் எரிச்சல் தருவது எது தெரியுமா? மறுப்புகூட இல்லை. எந்த மறுப்பு விரதம், எந்த மறுப்பு சாதி என்று பிரித்துப் பார்க்கும் வேலையும் எங்கள் தலையில் விழுகிறதே, அதுதான். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். நாங்கள் ராத்திரி முழுக்க அந்த ஒரு வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். தப்பாக எடைபோட்டால் நல்ல மனிதர் ஒருவரைச் சந்தேகப்பட்ட பாவம், போடாவிட்டால் ஏமாளி.

பிறகு ஒரு வருஷம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். கேக் செய்ய முடியவில்லை. வழக்கத்தை விடக் கூடாது என்று எங்கள் சித்தப்பா மகன் வேலை செய்யும் பேக்கரியில் 11 கேக் சொன்னோம். அட்டைப்பெட்டி, கண்ணாடித்தாள், சிவப்பு ரிப்பன். தம்பி அங்கே மாஸ்டர். பள்ளிக்கூடம் முடித்ததும் எடுபிடியாகச் சேர்ந்து, தட்டு கழுவி, பன் போடக் கற்று, கிரீம் போடக் கற்று மாஸ்டர் ஆனவன். அந்த 11 கேக்குக்கும் மாவு கலந்தது அவன், ஓவனில் வைத்தது அவன், பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டியதும் அவன்தான்.

அந்த வருஷம் 11 வீட்டிலும் வாங்கினார்கள். முட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. விரத வீட்டில் "குழந்தைகளுக்கு ஆகும்" என்று வாங்கி உள்ளே வைத்தார்கள். நோட்டில் 11க்கு 11 என்று எழுதும்போது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. தம்பியிடம் சொன்னோம். "அக்கா, டிசம்பர் 31 ராத்திரி கடைக்கு வந்து பாருங்க. ஊரே வரிசையில நிக்கும். யாராச்சும் மாஸ்டர் என்ன ஆளுன்னு கேட்டாக் கடை நடக்குமா?" என்றான்.

ஒரு காலத்தில் அதையும் கேட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் சாதிக் கட்டை மீறுகிறோம் என்று காட்டுவதற்காக இளைஞர்கள் பிஸ்கட் தின்றார்கள். யார் பிசைந்த மாவோ என்ற பயம் அந்த அளவுக்கு இருந்தது. அந்தப் பயத்தை வைத்து வியாபாரம் செய்ய டெல்லியில் 'இந்து பிஸ்கட்' என்றே ஒரு கம்பெனி வந்தது. தலைச்சேரியில் 1883இல் மாம்பள்ளி பாபு முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று கேரளத்தில் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்குப் பொள்ளாச்சியில் தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. கண்ணாடித்தாளும் விலைச்சீட்டும் மாவு பிசைந்த கையை மறைத்துவிடுகின்றன. காசு கொடுத்தால் தீட்டு போய்விடும். சும்மா கொடுத்தால்தான் ஒட்டிக்கொள்ளும்.

சும்மா கொடுப்பதை வாங்குவதென்றால் கொடுப்பவரைத் தனக்குச் சமமானவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் அவர்களுக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த பாப்பாள் அவர்களை, அவர் தலித் என்பதற்காக ஊரார் சமைக்க விடவில்லை. அதிகாரிகளோ அவரையே இடம் மாற்றினார்கள். போராட்டம் வந்த பிறகுதான் அதே பள்ளியில் திரும்ப அமர்த்தினார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்துக்கும் இதே சிக்கல் வந்து, கலெக்டரே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

அங்கெல்லாம் சட்டம் நுழைய முடிந்தது. டீக்கடைக்குள்ளும் நுழையும். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு இருக்கிறது, 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 1989ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கேக்கை வாங்காததற்கு எந்த ஸ்டேஷனிலும் புகார் எழுத முடியாது, எழுதவும் கூடாது. தன் வாயில் எதைப் போடுவது என்பது அவரவர் உரிமை. அதனால் அந்த வாசற்படியில் நாங்கள் தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கோபமாகவே கேட்டான். "எதுக்குக்கா அவங்க வாசல்ல போய் நிக்கிறீங்க? நாம செஞ்சத நாம தின்னாப் போதாதா? சமபந்தி சாதிய ஒழிக்காதுன்னு பாபாசாகேப்பே சொல்லியாச்சே." சரியான கேள்வி. சேர்ந்து உண்பதால் சாதி உணர்வு செத்துவிடவில்லை, கலப்பு மணம்தான் மருந்து, அதற்கும் முன்னால் சாதியைப் புனிதமாக்கும் நம்பிக்கை போக வேண்டும் என்று அதே 1936 உரையில் அவர் எழுதியிருக்கிறார். அந்த மருந்துக்கு இந்த மண்ணில் என்ன விலை என்பதும் எங்களுக்குத் தெரியும். உடுமலை சங்கர் பொள்ளாச்சியில்தான் இன்ஜினியரிங் படித்தான். 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், உடுமலை பஸ் ஸ்டாண்ட் அருகே அவனை வெட்டினார்கள். கௌசல்யாவும் அதே கல்லூரியில் படித்தவர்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு துண்டு கேக் சாதியை ஒழித்துவிடும் என்று நம்பும் அளவுக்கு நாங்கள் அப்பாவிகள் இல்லை.

தம்பிக்கு நாங்கள் சொன்ன பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் இங்கே எழுதுகிறோம். அப்பாயி வாழ்நாள் முழுக்க வாங்கியவர். வாங்கி வாங்கியே அவர் முதுகு வளைந்தது. அம்மா கொடுக்கிறார். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும்போது அம்மாவைப் பார்க்க வேண்டும். புதுச்சேலை, நெற்றியில் வியர்வை, யாரிடமும் எதையும் கேட்காத முகம். வாங்குவதும் வாங்காததும் எதிர் வீட்டுக் கணக்கு. கொடுக்கிற இடத்தில் நிற்பதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டோம். "அப்ப நோட்டு எதுக்கு?" என்று தம்பி மடக்கினான். அதற்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. வலிக்கிறது, அதனால் எழுதுகிறோம்.

இப்போது ஏப்ரல் 14க்கும் அம்மா குண்டாவை இறக்குகிறார். 2022 முதல் தமிழ்நாடு அரசு அந்த நாளைச் சமத்துவ நாள் என்று அறிவித்திருக்கிறது. எதிர் வீட்டில் சித்திரைக் கனி, எங்கள் வீட்டில் அண்ணலின் பிறந்தநாள். கிறிஸ்துமஸ் கேக் என்றால் மதம் என்று நழுவலாம். அம்பேத்கர் கேக்கில் நழுவ ஒன்றுமே இல்லை. போன ஏப்ரலில் ஏழு வீட்டில் வாங்கினார்கள். ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சின்னப்பெண், ஆறாவது படிக்கிறாள், "யாருக்குப் பொறந்தநாள்?" என்று கேட்டாள். சொன்னோம். "அவரு கேக் சாப்புடுவாரா?" என்றாள். லண்டனில் படித்தபோது பெரும்பாலும் அரைப் பட்டினியாக இருந்தவர் என்று சொன்னதும், "அப்ப இன்னொரு துண்டு குடுங்க" என்றாள். என்ன கணக்கோ.

கேக்கை நாங்கள் எவர்சில்வர் டப்பாவில்தான் கொடுப்போம். அது அம்மாவின் பிடிவாதம். பேப்பர் தட்டில் கொடுத்தால் தூக்கி எறிந்துவிட்டு மறந்துவிடலாம். டப்பா என்றால் திருப்பிக் கொண்டுவர வேண்டும், அதற்காகவாவது எங்கள் படியேற வேண்டும். போன டிசம்பரில் போனது ஒன்பது டப்பா. பொங்கலுக்குள் ஏழு வந்தன. இரண்டில் தேங்காயும் வாழைப்பழமும், சமைக்காத பண்டம். பண்ணாடிச்சி போட்ட தேங்காய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இன்னும் எங்களுக்கு முடிவாகவில்லை. ஒன்று கழுவித் துடைத்து வெறுமையாக வந்தது. நான்கில் சமைத்த பண்டம். ஐந்தாம் நம்பர் அண்ணன் வீட்டிலிருந்து கச்சாயம். ஒன்பதாம் நம்பரிலிருந்து சர்க்கரைப் பொங்கல், தூக்கி வந்தது அந்தச் சின்னப்பெண்தான், வழியிலேயே விரலை விட்டுத் தின்றிருந்தாள்.

இன்னும் இரண்டு டப்பா வரவில்லை. 'அங்க வச்சிட்டுப் போங்க' என்று சொன்ன வீடுகள்தான் இரண்டும். நல்ல கனமான டப்பா, அம்மா விடுவதாக இல்லை. போய்க் கேட்டு வாங்கிவரச் சொல்கிறார். நீ போ, நான் போ என்று எங்களுக்குள் ஒரு வாரமாக நடந்துகொண்டிருக்கிறது.